வெள்ளை சேஜ் புகையும் 94 விழுக்காடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் தங்கியிருக்கும் எதிர்மறை ஆற்றலை மூலிகைப் புகையால் விரட்டுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வெள்ளை சேஜ் என்னும் செடியின் உலர்ந்த இலைக்கட்டைக் கொளுத்தி மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினால் வீடு தூய்மையடையும் என்றும், அந்தப் புகை காற்றிலுள்ள கிருமிகளில் 94 விழுக்காட்டைக் கொன்றுவிடுகிறது என்று அறிவியலே மெய்ப்பித்துவிட்டது என்றும், பழங்கால முனிவர்கள் கையாண்டதால்தான் அச்செடிக்கு ஆங்கிலத்தில் முனிவர் என்று பொருள்படும் பெயர் வந்தது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இந்த மூன்றில் பின்னிரண்டும் தவறு. முதலாவதைப் பொறுத்தவரை, அது சரியா தவறா என்று பேசுவதற்கு முன் அது யாருடைய வழக்கம் என்று கேட்டிருக்க வேண்டும். கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை. அச்செடி இயல்பாக வளரும் தென் கலிபோர்னியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவள் என்னும் முறையிலும், இம்மண்ணுக்குரிய செடிகளை மலைச்சரிவுகளில் மீண்டும் நட்டு வளர்க்கும் குழுவொன்றில் வார இறுதிகளில் மண்வெட்டி பிடிப்பவள் என்னும் முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

பெயரைப் பற்றிய பிழை சிறியது, எளிதில் தீர்ந்துவிடும். செடியைக் குறிக்கும் சேஜ் என்னும் சொல், நலத்தோடு இருத்தல் என்பதை அடியாகக் கொண்ட சால்வியா என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அறிவிற் பெரியவரைக் குறிக்கும் சேஜ் என்பதோ சுவைத்தறிதல், உணர்தல் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் வினைச்சொல்லின் வழிவந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதாலேயே இரண்டுக்கும் உறவு கற்பிக்க முடியாது.

செடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளை சேஜின் தாவரவியற் பெயர் சால்வியா ஏபியானா. துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஏபியானா என்றால் தேனீக்களுக்குரியது என்று பொருள். கலிபோர்னியத் தாவரங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த வில்லிஸ் லின் ஜெப்சன் 1908-ஆம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார். பூக்கும் பருவத்தில் ஒரு புதரின் அருகே போய் நின்றால் பெயரின் பொருத்தம் காதிலேயே விழும். இலைகளின்மேல் படர்ந்திருக்கும் நுண்ணிய வெண்மயிர் கடும் வெயிலிலிருந்து செடியைக் காப்பதோடு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சாம்பல் பூசியதுபோன்ற தோற்றத்தையும் தருகிறது. இது தானாக வளரும் நிலப்பரப்பு மிகச் சிறியது: தென் கலிபோர்னியாவின் கடலோரக் குன்றுகளும் மலையடிவாரங்களும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவில் வடபகுதியும், அவ்வளவுதான். அந்தக் கடலோரப் புதர்க்காட்டின் பெரும்பகுதி வீட்டுமனைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டது. அதே காட்டை நம்பி வாழும் கலிபோர்னிய நேட்கேச்சர் என்னும் கைக்கடக்கமான பறவையை 1993-ஆம் ஆண்டிலேயே அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் அமெரிக்க நடுவண் அரசு சேர்க்க வேண்டியதாயிற்று.

சமையலில் பயன்படும் சேஜ் இதுவன்று. அது மத்தியதரைக் கடலோர நாடுகளுக்குரிய சால்வியா அஃபிசினாலிஸ். தொட்டியில் வைத்தாலும் வளரும், உலகமெங்கும் பயிராகிறது. வட அமெரிக்கச் சமவெளிகளில் வாழும் தொல்குடியினர் சேஜ் என்று சொல்லிப் புகைக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆர்டிமீசியா இனத்துச் செடி. அது சூரியகாந்திக் குடும்பத்தில் மாசிபத்திரிக்கு உறவு. ஒரே ஆங்கிலப் பெயரில் மூன்று செடிகள் உலவுவதால், ஒன்றின் மருத்துவக் குணத்தை இன்னொன்றின்மேல் ஏற்றி, மூன்றாவதின் படத்தைப் போட்டுவிடுவது எளிதாகிவிடுகிறது. தங்கள் கட்டுரையில் இந்த மூன்றும் நடந்திருக்கின்றன.

இனி, கட்டுரை வாய் திறக்காத செய்திக்கு வருகிறேன். சுமாஷ், டோங்வா, கவீயா, லூயிசெனோ, குமேயாய் என்று இந்நிலத்தின் பூர்வகுடிகள் வெள்ளை சேஜை முதலில் ஒரு வீட்டுச் செடியாகவே அறிந்திருந்தார்கள். விதைகளை வேறு விதைகளோடு சேர்த்து மாவாக்கி உண்டார்கள். சளிக்கும் இருமலுக்கும் இலையைப் பயன்படுத்தினார்கள். வேட்டைக்குப் புறப்படுவோர் உடல்வாடை விலங்குக்கு எட்டாமலிருக்க இலையைக் கசக்கி மேலே பூசிக்கொண்டார்கள். புகையும் அந்த வாழ்வின் ஒரு பகுதி. ஆனால் கடைகளில் நூல் சுற்றி விற்கப்படும் ஒரு சாண் நீளமுள்ள கொழுத்த கட்டுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. ஓர் இலை, அல்லது சில இலைகள், ஒரு வேண்டுதல், அதோடு சரி என்றுதான் இப்பகுதியின் பூர்வகுடிப் பெரியவர்கள் பொதுக்கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டிருக்கிறேன். செடியிடம் கேட்டுவிட்டு எடு, தேவைக்கு மேல் எடுக்காதே, மருந்தை விற்காதே என்பன அவர்கள் வகுத்திருக்கும் ஒழுங்குகள்.

வடக்கே பேரேரிகளின் கரையில் வாழும் அனிஷினாபே மக்கள் புகையிலை, சிடார், சேஜ், ஸ்வீட்கிராஸ் என்னும் நறும்புல் ஆகிய நான்கையும் புனித மருந்துகளாகப் போற்றுகிறார்கள். அந்தப் புல்லைத் தலைமுடிபோலப் பின்னி உலர்த்துவார்கள். அதிலுள்ள கூமரின் என்னும் வேதிப்பொருளால் வெனிலாவைப் போன்ற மணம் வரும். புகைச்சடங்கின்போது, கனலும் மூலிகையிலிருந்து எழும் புகையை இரு கைகளாலும் அள்ளிக் கண்களிலும் செவிகளிலும் வாயிலும் நெஞ்சிலும் ஒற்றிக்கொள்வார்கள். நல்லதைக் காணவும் நல்லதைக் கேட்கவும் நல்லதைப் பேசவும் வேண்டிக்கொள்ளும் செயல் அது. கழுவப்படுவது மனிதன், சுவரும் சோபாவும் அல்ல. இதை அறிந்துகொண்ட பிறகு, கரப்பான் பூச்சிக்கு மருந்தடிப்பதுபோல அறை அறையாகப் புகைவிட்டுத் தீய ஆற்றலைச் சன்னல் வழியே துரத்தச் சொல்லும் வழிமுறையைப் படிக்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி. இச்சடங்குக்கு வழங்கும் ஸ்மட்ஜிங் என்ற சொல்லே பூர்வகுடிகளின் சொல்லன்று. கரும்புகை, புகைக்கறை என்னும் பொருளுடைய பொதுவான ஆங்கிலச் சொல். தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பனியிலிருந்து காய்களைக் காக்க ஒரு காலத்தில் எண்ணெய் எரித்துப் புகை கக்க வைத்திருந்த அடுப்புகளுக்கும் ஸ்மட்ஜ் பாட் என்றுதான் பெயர். ஒவ்வொரு குடிக்கும் இச்சடங்குக்குத் தன் மொழியில் தனிச்சொல் உண்டு. அவை எதுவும் சந்தைக்கு வரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதலும் உண்டு.

இந்தப் புகையை மூட்டியதற்காகவும் ஆடியதற்காகவும் பாடியதற்காகவும் அம்மக்கள் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1883-இல் அமெரிக்க உள்துறை வகுத்த விதிகள், பூர்வகுடிகளின் சமய நடனங்களையும் மருத்துவப் பூசாரிகளின் செயல்களையும் குற்றமாக்கின. மீறியவர்களுக்கு உணவுப் பங்கீடு நிறுத்தப்பட்டது, சிறையும் விதிக்கப்பட்டது. கனடாவில் 1884-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பாட்லாட்ச் என்னும் கொடைவிழாவைத் தடைசெய்தது. அந்தத் தடை 1951-இல்தான் நீங்கியது. அமெரிக்கப் பூர்வகுடியினரின் சமய உரிமையைக் காப்பதே அரசின் கொள்கை என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாகச் சொன்ன ஆண்டு 1978. அதாவது, இன்று எழுபது வயதைக் கடந்த ஒரு பூர்வகுடிப் பாட்டி, தன் இளமைக்காலம் வரை அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லாமலே வேண்டியவர். அடுத்த தலைமுறை தலையெடுப்பதற்குள் அதே இலை, தியானக் கூடங்களிலும் வாசனைப்பொருள் கடைகளிலும் விலைச்சீட்டோடு தொங்குவதை அவர் பார்க்கிறார். 1993-இல் வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களின் பிரதிநிதிகள் கூடி, தங்கள் ஆன்மிக வழக்கங்களைச் சுரண்டுவோருக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் என்ற பெயரிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டதன் பின்னணி இதுதான். 2018-இல் ஒரு வாசனைப்பொருள் நிறுவனம் சூனியம் பழகத் தொடங்குவோருக்கான பெட்டி என்று வெள்ளை சேஜ் கட்டு ஒன்றையும் உள்ளே வைத்து விற்கப்போவதாக அறிவித்து, எழுந்த கண்டனத்தைத் தாங்கமாட்டாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே சடங்கு, அதற்குரியவர்களின் கையில், அவர்கள் சொல்லும் விளக்கத்தோடு நடக்கும்போது எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்குக் கனடாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2015-ஆம் ஆண்டு ஒரு தொடக்கப்பள்ளிக்கு வந்த பூர்வகுடிப் பெரியவர் வகுப்பறையில் இச்சடங்கைச் செய்துகாட்டினார். தன் குழந்தைகளின் சமய உரிமை மீறப்பட்டதாக ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். அம்மாகாண உச்ச நீதிமன்றம் 2020-இல், ஒரு பண்பாட்டை அறிமுகப்படுத்துவதும் அதன் நம்பிக்கையைத் திணிப்பதும் ஒன்றல்ல என்ற நோக்கில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. தங்கள் கட்டுரையும் அறிமுகம் செய்திருக்கலாம். அதற்குப் பதிலாக உரியவர்களின் பெயரைக்கூடச் சொல்லாமல் செய்முறையை மட்டும் கொடுத்துவிட்டது.

செய்முறையைப் படித்தவர்கள் அடுத்து இலையைத் தேடுவார்கள். அந்த இலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை எழுதவைத்த உடனடிக் காரணம். உலகச் சந்தையில் விற்கப்படும் வெள்ளை சேஜில் பெரும்பங்கு பயிரிடப்பட்டதன்று, காட்டிலிருந்து வெட்டப்பட்டது என்று கலிபோர்னியத் தாவரச் சங்கம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. காட்டுச் செடியை வெட்டுவதற்கு நில உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று கலிபோர்னியக் குற்றவியல் சட்டத்தின் 384ஏ பிரிவு சொல்கிறது. இருந்தும், சான் பெர்னார்டினோ மாவட்டத்தில் நார்த் எட்டிவாண்டா காப்புநிலத்தில் 2018-ஆம் ஆண்டு நால்வர் பிடிபட்டபோது அவர்களிடம் ஏறத்தாழ 400 பவுண்டு, அதாவது 180 கிலோவுக்கும் மேலான வெள்ளை சேஜ் இருந்தது. பஞ்சுபோல் எடையற்ற இலையில் 180 கிலோ என்றால் எத்தனை புதர்கள் மொட்டையாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைகள். அவர்களுக்குக் கிடைப்பது சொற்பம், இலாபம் இடைத்தரகர்களுக்கு. கட்டின்மேல் ஒட்டியிருக்கும் அறவழியில் பெறப்பட்டது, இயற்கையாகச் சேகரிக்கப்பட்டது என்னும் சீட்டுகளுக்குப் பொருள் எதுவும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாவது தொடர், திருட்டை நாகரிகமாகச் சொல்வதாகவும் இருக்கலாம்.

எங்கள் குழு நட்ட சரிவொன்றில் நான் கண்டதையும் சொல்கிறேன். வெள்ளை சேஜ் நாற்று முதல் ஆண்டு கைக்குழந்தை மாதிரி. களை மூடினால் போய்விடும், கோடையில் பரிவு மிகுந்து தண்ணீர் ஊற்றினாலும் வேர் அழுகிப் போய்விடும். மூன்றாம் ஆண்டில்தான் புதர் என்று சொல்லும்படி நிமிர்ந்து, பூந்தண்டை ஆள் உயரத்துக்கு நீட்டும். அப்படி நிமிர்ந்த ஆண்டில் ஒரு காலை நாங்கள் போனபோது சரிவின் பாதி வெட்டப்பட்டிருந்தது. தண்டுகளை மட்டும் அறுத்திருந்தால் மீண்டும் துளிர்க்கும். அவசரத்தில் வேரோடு பிடுங்கியிருந்தார்கள். அறுந்த நெகிழிக் கயிறும் தண்ணீர்ப் புட்டிகளும் கிடந்தன. வெட்டிய இடங்களிலிருந்து எழுந்த மணம் அந்தப் பள்ளத்தாக்கையே நிறைத்திருந்தது. அதன்பிறகு கடையில் அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. இது நியாயமான சான்று ஆகாது என்பதும் தெரியும்.

சான்று என்றதும் 94 விழுக்காட்டுக்கு வருவோம். இந்த எண் தங்கள் கட்டுரையாளர் கற்பனை செய்ததன்று. சேஜ் கட்டு விற்கும் விளம்பரங்கள் பலவற்றிலும் பல ஆண்டுகளாக இருந்து வருவது. இதன் மூலம் எதுவென்று தேடிப்போனால் இலக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேருவோம். அங்குள்ள அறிவியலாளர்கள் 2007-இல், மூடிய அறையொன்றில் மாங்கட்டையையும் வேள்வியில் இடப்படும் பல மூலிகைகளின் கலவையையும் ஒரு மணி நேரம் எரித்து, காற்றில் மிதந்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கை 94 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக மரபு மருந்தியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். அந்த ஆய்வில் வெள்ளை சேஜ் இல்லை. கலிபோர்னியா இல்லை. எரிந்தது வேறு பொருள், எரிந்த அளவு வேறு, நேரமும் வேறு. யாரோ ஒருவர் அந்த எண்ணை எடுத்து சேஜின்மேல் ஒட்டினார். அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து நூறு பேர் எழுதினார்கள். கடைசியில் அது அறிவியல் மெய்ப்பித்தது என்ற முத்திரையோடு தங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மருந்தின் சோதனை முடிவை இன்னொரு மருந்தின் உறையில் அச்சிட்டால் அதை நாம் என்னவென்று சொல்வோம்?

அந்த ஆய்வு சேஜைப் பற்றியதாகவே இருந்தாலும் வாதம் நிற்காது. நாம் வாழும் அறைகளின் காற்றில் மிதக்கும் பாக்டீரியாக்களில் மிகப்பெரும்பாலானவை நமக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. அவற்றைக் குறைப்பதற்காகக் காற்றில் எதைக் கலக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தத் தாவரத்தை எரித்தாலும், அது எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், கார்பன் மோனாக்சைடும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள்களும் நுண்துகள்களும் வெளிப்படும். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்கும் சிறிய, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லக்கூடியவை. அவற்றின் 24 மணிநேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. வாசனையாக இருப்பதனால் ஒரு புகை இந்த விதிக்கு விலக்காகிவிடாது. இப்புகை எதிர்மின் அயனிகளை உண்டாக்கி மனநிலையைச் சீராக்குகிறது என்றும் ஒரு வரி கட்டுரையில் உண்டு. அதற்கு மேற்சொன்ன இலக்னோ ஆய்வைப் போன்ற இரவல் சான்றுகூடக் கிடையாது.

இவ்வளவு சொல்லும் நான் அந்தக் கட்டை ஒருமுறை கொளுத்தியவள்தான். என் கணவர் மறைந்த சில வாரங்களில், வீட்டில் துக்கம் தேங்கி நிற்கிறது என்று சொல்லித் தோழி ஒருத்தி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்பினால் செய்ததை மறுக்க மனம் வரவில்லை. கொளுத்தி, அவர் வாசிக்கும் அறை வரைதான் போயிருப்பேன். புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கிவிட்டது. உள்ளறையில் படுத்திருந்த என் பேரனுக்கு இரைப்பு உண்டு என்பதை அந்த அலறலுக்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அவனை வெளியே தூக்கிக்கொண்டு ஓடி, உறிஞ்சு மருந்தைக் கொடுத்து, எல்லாச் சன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்து, ஸ்டூலின்மேல் ஏறி நின்று செய்தித்தாளால் அந்தக் கருவிக்கு விசிறினேன். விசிறியது தங்கள் நாளிதழாகவும் இருந்திருக்கலாம். பல வாரங்களாக மூடிக்கிடந்த அந்த அறைக்குள் அன்றிரவு முதன்முதலாகக் காற்று வந்தது. வீடு இலகுவானது உண்மை. அதற்குப் புகை காரணமா, திறந்த சன்னல் காரணமா, யாரோ நம்மை நினைத்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள் என்பது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

ஆகவே மணத்துக்கும் சடங்குக்கும் மனத்தின்மேல் ஆற்றல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மற்றப் புலன்கள் மூளையின் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகச் செல்ல, முகர்வு நரம்புகளின் செய்தி உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகவே போய்ச் சேருகிறது. எங்கோ வந்த ஒரு மணம் முப்பது ஆண்டுக்கு முந்தைய நாளொன்றைக் கண்முன் நிறுத்துவது இதனால்தான். ஒரு நாளின் முடிவில் கையிலிருப்பதை வைத்துவிட்டு, வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஒரு கணம் நின்று, நல்லது நடக்கட்டும் என்று எண்ணுவது நல்ல பழக்கம். அது வேண்டுதல். வேண்டுதலுக்கு ஆய்வக அங்கி மாட்டிவிட வேண்டிய தேவையில்லை. மாட்டிவிட்டால் வேண்டுதலுக்கும் இழுக்கு, ஆய்வகத்துக்கும் இழுக்கு.

மூலிகைப் புகையால் வீட்டைப் புனிதப்படுத்தும் வழக்கம் உலகின் பல மூலைகளில் தனித்தனியாகத் தோன்றியதுதான். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் கிறிஸ்துமஸுக்கும் சனவரி 6-க்கும் இடைப்பட்ட இரவுகளில் குந்திரிக்கத்தையும் மூலிகைகளையும் கனலிலிட்டு வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிவருகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் புத்தாண்டு நாளில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலைப் புதரின் கிளைகளை எரித்தார்கள். இருமும்வரை வீட்டை மூடிவைத்துப் பிறகு கதவைத் திறந்துவிடுவது அங்கு வழக்கமாம். கொள்ளைநோய்க் காலங்களில் ஐரோப்பிய நகரங்கள் ரோஸ்மேரியும் ஜூனிப்பரும் எரித்தது, நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று நம்பியதால். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அந்தக் கொள்கையை மருத்துவம் கைவிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது; எதிர்மறை ஆற்றல் என்ற புதுப்பெயரில் அது இப்போது திரும்பி வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரை மாற்றாகப் பரிந்துரைக்கும் பாலோ சாண்டோ கட்டையைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். அப்பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. புகைக்குப் பயன்படுவது பெரு, எக்குவடோர் நாடுகளின் வறண்ட காடுகளில் வளரும் பர்செரா கிரேவியோலென்ஸ். தானாக விழுந்து ஆண்டுக்கணக்கில் கிடந்து முதிர்ந்த கட்டையையே எடுப்பது அங்குள்ள மரபு. தென்னமெரிக்காவின் கிரான் சாக்கோ காட்டுக்குரிய புல்னேசியா சார்மியென்டோய் என்னும் இன்னொரு மரம் அழியும் அபாயத்தில் இருப்பதால் 2010 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று கேட்பது நல்லது.

மூலிகையின் துணையோடு வீட்டில் அமைதி தேடுவோருக்கு எரிக்காமலே வழி உண்டு. வெள்ளை சேஜின் மணத்தில் மேலோங்கி நிற்பது சினியோல் என்னும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப்பொருள். யூகலிப்டஸ் தைலத்தின் மணமும் அதுவே. ரோஸ்மேரியிலும் சமையல் சேஜிலும் அது உண்டு. இவற்றின் தழையைக் கொதிக்கும் நீரிலிட்டு அறையில் வைத்தாலும், உலர்த்திக் கதவருகே தொங்கவிட்டு அவ்வப்போது கசக்கினாலும் மணம் வரும், கரி வராது. தொட்டியில் தாமே நட்டு வளர்த்த செடியின் தழைக்கு வாங்கிய கட்டுக்கு இல்லாத உறவும் ஒன்று உண்டு என்பது மண்வெட்டி பிடிப்பவளின் சார்பு. புகைதான் வேண்டும் என்போர், ஓரிரு தழைகளை மட்டும், மணல் நிரப்பிய மண்கலத்தில், சன்னலைத் திறந்துவைத்து, அணையும்வரை அருகிலிருந்து எரிக்கட்டும். இரைப்பு உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கருவுற்றோர் இருக்கும் வீட்டிலும், பறவை வளர்க்கும் வீட்டிலும் அதுவும் வேண்டாம். பறவைகளின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிடப் புகைக்கு மிக எளிதில் நலிவது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். 94 விழுக்காடு பற்றிய வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அந்த ஆய்வில் வெள்ளை சேஜ் சோதிக்கப்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இச்செடியும் சடங்கும் எந்த மக்களுடையவை என்பதற்கு ஒரு பத்தி இடம் கொடுங்கள். கட்டுரையின் அடியில் தரப்பட்டிருந்த, கட்டு வாங்கும் இணைய முகவரியை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை சேஜ் என்ற குறிப்போடு தாங்கள் வெளியிட்டிருந்த படத்தில் நீலப் பூவும் பச்சை இலையுமாகத் தொட்டியில் நிற்பது மத்தியதரைக் கடலோரத்துச் சமையல் சேஜ். தொட்டியில் வளர்த்து, யாரிடமும் திருடாமல், வேண்டிய அளவு கிள்ளிக்கொள்ளக்கூடிய செடி அது. படம் இருக்கட்டும், அடியிலுள்ள பெயரை மட்டும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தென் கலிபோர்னியா